ஆரோக்கிய மாதிரி

கெரேகோடி மாவட்ட ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் ஒரு குழு இருக்கிறது. அதன் முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். பெயர்ப்பலகை கதவில் கொள்ளாமல் பாதிப் பெயர் சுவரில் தொடர்கிறது. ஜனங்கள் சுருக்கமாக ரத்தக் கமிட்டி என்பார்கள். மூட்டு வீங்கி முடங்கிப் போகிறவர்களுக்கு அரசாங்கம் இலவசமாகத் தரும் ஊசியை யாருக்குப் போடலாம், யாருக்குப் போடக் கூடாது என்று தீர்மானிப்பது அதன் வேலை. அந்தக் கமிட்டியை மூன்றாவது மாடியில் வைத்ததிலேயே அரசாங்கத்தின் ஞானம் விளங்கிவிடும். லிஃப்ட் உண்டு, அது டாக்டர்களுக்கு. நோயாளிகள் எழுபத்திரண்டு படி ஏற வேண்டும். ஏறி வந்துவிட்டால் 'படி ஏற வல்லவர்' என்று விண்ணப்பத்தின் மேல் எழுதிவிடுவார்கள். ஏற முடியாதவருக்கு 'வரவில்லை' என்று எழுதுவார்கள்.

ஹொன்னம்மாவுக்குக் கால் பரவாயில்லை, விரல்தான் போய்க்கொண்டிருந்தது. நாற்பத்தோரு வயது. பட்டுக்கூட்டுச் சந்தைக்குப் பின்னால் ரஹ்மத் சாபுவின் கொட்டகையில் பதினெட்டு வருஷமாக நூல் இழுக்கிறவள். கொதிக்கிற தொட்டியில் கூடுகள் வெந்து மிதக்கும். ஒவ்வொரு கூட்டிலிருந்தும் கண்ணுக்கே தெரியாத நுனியை விரலால் தேடி எடுத்து, ஓடுகிற இழையோடு ஒட்டவிட வேண்டும். பேசிக்கொண்டே செய்வாள். அந்த வருஷம் யுகாதிக்குப் பிறகு காலையில் எழுந்தால் பத்து விரலும் கட்டையாகக் கிடந்தன. ஜாக்கெட் ஊக்கு போட வரவில்லை. ராகிக் களி கிளறக் கரண்டி பிடிபடவில்லை. ஆனால் கொட்டகைக்குப் போய் வெந்நீரில் கையை விட்டால் அரை மணியில் இளகிவிடும், பதினோரு மணிக்கு ஏறக்குறைய பழைய கையாகிவிடும். அதனால் முதல் ஒரு மாசம் அவள் இதை ஒரு நோய் என்றே நினைக்கவில்லை. கொட்டகைக்குக் கொஞ்சம் சீக்கிரம் போக ஆரம்பித்தாள், அவ்வளவுதான்.

ஊர்ச் சுகாதார நிலையத்தில் புதிதாக வந்திருந்த டாக்டர் பவ்யா, சின்னப் பெண், ஹொன்னம்மாவின் இரண்டு கையையும் எடுத்து ஒவ்வொரு கணுவாக அமுக்கிப் பார்த்தாள். மாத்திரை கொடுத்தாள். மாத்திரை ஈரலுக்கு ஒத்துவராமல் கண் மஞ்சளாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் உட்காரவைத்துச் சொன்னாள்.

"இது முடக்குவாதம் அக்கா. உடம்பு எதிரின்னு நெனச்சு சொந்த மூட்டையே கடிக்குது. ஒரு வருஷத்துக்குள்ள ஊசி ஆரம்பிச்சா விரலக் காப்பாத்திடலாம். விட்டுட்டா கோணினது கோணினதுதான், அப்புறம் எத்தன ஊசி போட்டாலும் திரும்பாது."

அப்படிக் கடிக்கிற சரக்குக்கு ஆன்டிபாடி என்று பேர், ரத்தத்தில் அதைப் பார்க்க ஒரு சோதனை உண்டு, ஆனால் நூற்றில் இருபது முப்பது பேருக்கு நோய் இருந்தும் ரத்தத்தில் தெரியாது, தெரியாவிட்டாலும் நோய் நோய்தான் என்றும் விளக்கினாள். இதையெல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கமிட்டிக்குக் கொண்டு போகச் சொன்னாள். அடுத்த யுகாதிதான் கெடு என்று ஹொன்னம்மா மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை கமிட்டி கூடும். அன்றைக்கு ஹொன்னம்மா ஒரு காரியம் செய்தாள். கொட்டகை நடத்துகிற எந்த ஊரிலும் எந்தப் பெண்ணும் செய்யக்கூடிய காரியம்தான். பெரிய மனிதர்கள் முன்னால் கோணல் கையோடு போய் நிற்பது மரியாதை இல்லை என்று விடிந்ததும் தொட்டிக்குப் போய், ஒன்பது மணி வரை இரண்டு கையையும் வெந்நீரில் ஊறவைத்து, துடைத்து, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு புறப்பட்டாள். வாசலில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா மடக்கச் சொன்னார், மடக்கினாள். நீட்டச் சொன்னார், நீட்டினாள். அவர் சந்தோஷமாக 'விரல்கள் இளக்கமானவை, பளபளப்பானவை' என்று எழுதிக்கொண்டார்.

பிறகு இரண்டு வெள்ளைத் துணிப் பைகளைக் கொண்டுவந்து அவள் கைகளில் மாட்டி மணிக்கட்டில் நாடாவால் கட்டினார்கள். இதற்கு நடுநிலைப் பை என்று பேர். நோயாளியின் கையைப் பார்த்தால் கமிட்டி மெம்பர்களுக்கு இரக்கம் வந்துவிடும், இரக்கம் வந்தால் தீர்மானம் கெட்டுவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. பையை மாட்டிய பிறகு, 'எந்த வற்புறுத்தலும் இல்லாமல் பையை அணிந்தேன்' என்று ஒரு தாளில் கையெழுத்து கேட்டார்கள். பையோடு பேனா பிடிக்க வரவில்லை. அதையும் குறித்துக்கொண்டார்கள், 'கையெழுத்திட மறுத்தார்' என்று.

உள்ளே நடுவில் உட்கார்ந்திருந்தவர் தலைவர் டாக்டர் வாமனராவ். சந்தனப் பொட்டு, இஸ்திரி போட்ட கோட்டு, எதிரில் வெள்ளி டம்ளரில் காபி. இரண்டு பக்கமும் இரண்டு மெம்பர்கள், அவர் தலையாட்டும்போது ஆட்டுவதற்கு. பவ்யாவின் கடிதத்தில் மேல் தாளை மட்டும் அவர் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் காலியாக இருந்ததில் திருப்திப்பட்டார்.

"கை இருக்கே தாயி, அது நடிக்கும்" என்றார். "அழுது காட்டும், வீங்கிக் காட்டும். அந்தக் காலத்து வைத்தியன்லாம் கையப் பிடிச்சுப் பாத்தே கெட்டான். நான் இருபத்தெட்டு வருஷமா ஒரு நோயாளியையும் தொட்டதில்ல. அதனால இன்னிவரைக்கும் என் கையால ஒரு தப்பு நடந்ததில்ல. ரத்தம் சொல்லணும், நான் கேக்கணும்."

மெம்பர்கள் தலையாட்டினார்கள். ஹொன்னம்மாவும் ஆட்டினாள், என்ன ஏது என்று புரியாவிட்டாலும் பெரியவர் பேசும்போது ஆட்டுவதுதானே முறை.

நோயாளியின் ரத்தம் தனியாகப் போகக் கூடாது என்பது அந்தக் கமிட்டியின் பிரதான விதி. கூடவே ஆரோக்கியமான ஓர் ஆளின் ரத்தமும் போக வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள், வித்தியாசம் இருந்தால் நோய், இல்லாவிட்டால் இல்லை. இந்த இரண்டாவது ரத்தத்துக்கு ஆரோக்கிய மாதிரி என்று பேர். அப்போது மாதிரியாக இருந்தவன் பசவராஜு, கமிட்டி ஆபீசின் பியூன். இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டைத் தோளுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு எழுபத்திரண்டு படியையும் ஓட்டமாக ஏறுகிறவன். அவன் ரத்தத்தை ஒரு குழாயிலும் ஹொன்னம்மா ரத்தத்தை ஒரு குழாயிலும் எடுத்து அனுப்பினார்கள்.

அடுத்த வாரம் முடிவு வந்தது. வித்தியாசம் இருந்தது, ஏராளமாகவே இருந்தது. ஆனால் ஆன்டிபாடி பசவராஜுவின் குழாயில் இருந்தது. ஹொன்னம்மாவின் குழாய் சுத்தம். நோய் நொடி இல்லாத சில பேர் ரத்தத்திலும் அது சும்மா கிடக்கும், அதனால் ஒன்றும் ஆகாது என்று பவ்யாவின் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அதை யார் படித்தார்கள்?

தலைவர் இரண்டு தாளையும் மாறிமாறிப் பார்த்தார். ஒருவேளை குழாய் மாறியிருக்குமோ என்று ஒரு மெம்பர் மெல்லக் கேட்டார். இந்தக் கமிட்டியில் குழாய் மாறாது என்று தலைவர் சொன்னார், மாறாது என்று மெம்பரும் ஒப்புக்கொண்டார். ஆகவே ஹொன்னம்மா விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, பசவராஜு நோயாளியாக அறிவிக்கப்பட்டான்.

"எனக்கு ஒண்ணுமில்ல சார். இப்பக்கூட ரெண்டு கேன் ஏத்திட்டுத்தான் வந்தேன்" என்றான் பசவராஜு.

"நோயாளி தன்னப் பத்திச் சொல்றது சாட்சியம் ஆகாதுப்பா" என்றார் தலைவர் பரிவோடு. "உன் நிலைமை உனக்குத் தெரியல. எங்களுக்குத் தெரிஞ்சதே பெரிய அதிர்ஷ்டம்."

அன்றிலிருந்து அவன் கேன் தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, லிஃப்டில் போகலாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மூன்று சாட்சிகள் முன்னிலையில் ஊசி. அந்த ஊசி ஒரு வேலை பார்க்கும், உடம்பின் சண்டைக்காரச் சரக்கையெல்லாம் அடக்கி உட்காரவைக்கும். மூட்டில் சண்டை நடக்கிறவனுக்கு அது வரம். சண்டையே இல்லாத பசவராஜுவுக்குச் சளி, காய்ச்சல், வாய்ப்புண் என்று ஒன்றுவிட்டு ஒன்று வந்தது. வாட்டசாட்டமான ஆள் இரண்டு மாசத்தில் கம்பளி சுற்றிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். பாருங்கள், நோய் தலைகாட்ட ஆரம்பித்துவிட்டது, நல்லவேளை முன்னாலேயே பிடித்தோம் என்று தலைவர் எல்லோரிடமும் காட்டினார்.

ஹொன்னம்மாவின் புருஷன் சிவநஞ்சய்யா கூட்டுச் சந்தையில் எடை போடுகிறவர். தராசு சொன்னதற்கு மேல் பேச்சில்லை என்று நாள் பூராவும் குடியானவர்களோடு மல்லுக்கட்டுகிற ஜன்மம். ரத்தம் சுத்தம் என்று அரசாங்க முத்திரையோடு வந்த தாளைப் படித்ததும் அவருக்கு ஒரு நிம்மதி. ஒன்றும் இல்லை என்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று கால் கிலோ மைசூர்பாகு வாங்கிவந்தார். ஹொன்னம்மா ஒரு துண்டை எடுக்கப் போய் அது நழுவிக் கீழே விழுந்தது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் விழுந்தது. சிவநஞ்சய்யா கொஞ்சநேரம் அவள் கையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பிறகு ஒரு துண்டை எடுத்து அவள் வாயில் வைத்தார். மறுநாளிலிருந்து அவளுக்கு ஜடை பின்னிவிடுவது அவர் வேலையாயிற்று.

மறுபடி விண்ணப்பிக்க ஆறு மாசம் ஆக வேண்டும் என்பது விதி. நடுவில் பவ்யா ஒரு மனு எழுதினாள். இந்த நோயின் விறைப்பு காலையில்தான் உச்சம், ஹொன்னம்மாவை ஒருநாள் காலை ஆறு மணிக்கு யாராவது வந்து பாருங்கள் என்று. பதில் ஒழுங்காக வந்தது. 'காலை ஆறு மணி அலுவலக நேரத்துக்குள் வராதபடியால், அந்நேரத்தில் ஏற்படும் விறைப்பை இவ்வலுவலகம் அங்கீகரிக்க இயலாது. விண்ணப்பதாரர் பத்தரைக்கு மேல் விறைத்துக்கொள்ள முன்வந்தால் பரிசீலிக்கப்படும்.' பவ்யா அதைப் படித்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாளாம். பாவம், வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

ஆறு மாசம் கழித்து ஹொன்னம்மா மறுபடி படி ஏறினாள். பசவராஜு கம்பளியோடு லிஃப்ட் வாசலில் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்துவிட்டான், அவள் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை அவனுக்கு.

"உங்க ஊசிய எனக்குக் குத்துறாங்க அக்கா" என்றான். "புட்டியக் குடுங்க, நான் கொண்டுபோய் அந்த அக்காவுக்குக் குடுத்துடறேன்னு கேட்டேன். புட்டில என் பேரு இருக்காம். கால்ல விழுந்தேன். மூட்டு நல்லா மடங்குதே, ஊசி வேல செய்யுதுன்னு எழுதிக்கிட்டாங்க."

 உடம்பைப் பார்த்துக்கொள்ளப்பா என்று அவனுக்கே ஆறுதல் சொல்லிவிட்டு மேலே போனாள்.

மேலே கமிட்டி கூடவில்லை. ஆரோக்கிய மாதிரி இல்லை, அதனால் சோதனை இல்லை. பசவராஜுவுக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு ஆஸ்பத்திரியில் ஒருவரும் ரத்தம் கொடுக்க முன்வரவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தால் குமாஸ்தாவுக்கு மாமியார் இறந்துபோவாள், மூன்று மாசத்தில் நாலு முறை இறந்தாள். லிஃப்ட் ஓட்டுகிறவர் இரண்டு கைக்கும் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வந்தார். தலைவரே கொடுக்கலாமே என்று ஒரு மெம்பர் வாய்தவறிச் சொல்லிவிட்டு வேறு ஜில்லாவுக்கு மாற்றலாகிப் போனார், தலையாட்ட இன்னொருவர் வந்தார். இப்படியே சங்கராந்தி போயிற்று, சிவராத்திரியும் வந்துவிட்டது. ஒவ்வொரு செவ்வாயும் ஹொன்னம்மா ஏறுவாள், பையை மாட்டிக்கொண்டு சாயங்காலம் வரை பெஞ்சில் உட்காருவாள், இறங்குவாள். பைக்குள்ளே விரல்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன.

கடைசியில் குஸ்தி பழகுகிற கரடிமனையிலிருந்து ஒரு பயில்வானைப் பிடித்து வந்தார்கள். ஊசியைக் கண்டதும் மயங்கி விழுந்தார். விழுந்த நிலையிலேயே ரத்தம் எடுத்தார்கள். முடிவில் பயில்வான் குழாயும் சுத்தம், ஹொன்னம்மா குழாயும் சுத்தம். தலைவர் அவளைக் கூப்பிட்டு இரண்டு தாளையும் காட்டினார்.

"பாத்தியா தாயி. நீயும் பயில்வானும் ஒண்ணு. வித்தியாசமே இல்ல. இதுக்கு மேல உனக்கு என்ன வேணும்?"

"விரல் வேணும் ஸ்வாமி. பைய ஒருவாட்டி அவுத்துப் பாருங்க" என்றாள் ஹொன்னம்மா. அந்த அறையில் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

தலைவர் கோபிக்கவில்லை. பையை அவிழ்த்துப் பார்ப்பதாக இருந்தால் பையே எதற்கு என்று கேட்டார். இரண்டு பக்கமும் தலையாட்டினார்கள்.

யுகாதி வந்தது. வேப்பம்பூவும் வெல்லமும் கலந்து சிவநஞ்சய்யா அவள் வாயில் போட்டார். இப்போது விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து, கணுக்கள் மேலே எழும்பி, வெந்நீருக்கும் இளகாமல் நின்றுவிட்டன. நுனி தேடப் போனால் நூல் அறுந்தது. ரஹ்மத் சாபு நல்ல மனுஷர், இரண்டு வாரம் பார்க்காத மாதிரி இருந்தார். மூன்றாம் வாரம் தொட்டி பக்கம் வந்து நின்றுகொண்டு, கொஞ்சநாள் வீட்டில் இரு தாயி என்றார், சொல்லும்போது தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக அன்று ஹொன்னம்மா நடுப்பகலில் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு அழுதாள்.

பவ்யா வீட்டுக்கே வந்து பார்த்தாள். விரலை இனி மீட்க முடியாது என்று மறைக்காமல் சொன்னாள். ஆனால் மணிக்கட்டும் முழங்கையும் தோளும் இன்னும் பிழைத்திருக்கின்றன, நோய் அங்கே போவதற்குள் ஊசி கிடைத்தால் கையென்று ஒன்று மிஞ்சும், அதனால் விடாதீர்கள் என்றாள். சிவநஞ்சய்யா அன்றைக்குத்தான் அந்த முத்திரைத் தாளை எடுத்துக் கிழித்துப் போட்டார்.

அதற்கடுத்த வாரம் கமிட்டியிடமிருந்து ஓர் உத்தரவு வந்தது. பயில்வான் இனி வரமாட்டேன் என்று அனுமார் மேல் சத்தியம் செய்துவிட்டாராம். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்ததில், இரண்டு முறை சோதித்து இரண்டு முறையும் மாசுமறு இல்லாத ரத்தம் இந்த மாவட்டத்திலேயே ஒருவரிடம்தான் இருக்கிறதாம். ஆகவே திருமதி ஹொன்னம்மா நிரந்தர ஆரோக்கிய மாதிரியாக நியமிக்கப்படுகிறார். செவ்வாய்தோறும் ஒரு குழாய் ரத்தம், தினக்கூலி, அவித்த முட்டை ஒன்று, வாழைப்பழம் ஒன்று. ஒரே நிபந்தனை, மாதிரியின் தூய்மையைக் காக்கும் பொருட்டு வலி மாத்திரை உட்பட எந்த மருந்தும் சாப்பிடக் கூடாது.

"போகாதே" என்றார் சிவநஞ்சய்யா.

"போறேன். அங்க வேலைக்காரிக்குப் பை கிடையாது. வாராவாரம் கண்ணு முன்னால நின்னா, என்னிக்காவது ஒருத்தர் கையப் பாக்காமலா போயிடுவாங்க?"

அந்த நம்பிக்கையில்தான் போனாள். முட்டையை உரிக்க வராது, பசவராஜு உரித்துக் கொடுப்பான். வலி மாத்திரை இல்லாமல் ராத்திரி தூக்கம் போயிற்று. குமாஸ்தா அவள் கையைப் பார்த்தார், பார்த்துவிட்டு ஃபைலுக்குத் திரும்பினார். மெம்பர்கள் பார்த்தார்கள், நூல் இழுக்கிற ஜனங்களுக்குக் கை இப்படித்தான் இருக்கும்போல என்று பேசிக்கொண்டார்கள். தலைவர் பார்க்கவே இல்லை, அவருக்கு இருபத்தெட்டு வருஷத்துப் பழக்கம். மாதிரி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று அவளைப் பற்றி ரிப்போர்ட்டில் ஒரு பத்தி எழுதினார். அவள் ரத்தத்தோடு ஒத்துப்போன குற்றத்துக்காக அந்த இரண்டு மாசத்தில் பதினோரு பேர் வீங்கிய மூட்டுகளோடு திரும்பிப் போனார்கள். அவர்கள் அவளை முறைத்துக்கொண்டே படி இறங்குவார்கள். அவளுக்கு வாய்விட்டுக் கத்தத் தோன்றும், யாரைப் பார்த்துக் கத்துவது என்றுதான் தெரியவில்லை.

ஆனி பிறந்ததும் பெங்களூரிலிருந்து ஒரு பெரிய டாக்டரம்மா பார்வையிட வந்தார். பார்வதி ஷெணாய், தலை முழுக்க நரை, வாத நோயில் நாற்பது வருஷ அனுபவம். தலைவர் சால்வை போர்த்தி, கமிட்டியின் சாதனைகளை ஒரு மணிநேரம் படித்துவிட்டு, கடைசியில் ஹொன்னம்மாவை முன்னால் வரச் சொன்னார்.

"இவங்கதான் மேடம் எங்க மாவட்டத்தோட ஆரோக்கியத்துக்கு அளவுகோல். அம்மாவுக்குக் கும்பிடு போடு தாயி."

ஹொன்னம்மா கும்பிட்டாள். உள்ளங்கைகள் சேரவில்லை, விரல்கள் ஆளுக்கொரு பக்கம் நின்றன. டாக்டரம்மா எழுந்து வந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது மாடியில் ஒரு டாக்டர் அவள் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எத்தனை நாளாக இப்படி, யார் பார்க்கிறார்கள், என்ன மருந்து என்று அவர் கேட்கக் கேட்க, ஹொன்னம்மா அழுகையும் பேச்சுமாகச் சொன்னாள். அவங்க ஆரோக்கிய மாதிரி மேடம் என்று தலைவர் நடுவில் இரண்டு தரம் ஞாபகப்படுத்தினார்.

டாக்டரம்மாவுக்கு வந்த கோபத்தில் சால்வை நழுவி விழுந்தது. இந்த அம்மாவுக்கு நோய் முற்றிக்கொண்டிருக்கிறது, ஆறு மாசக் கணக்கெல்லாம் பார்க்காமல் உடனே விண்ணப்பத்தை எடுத்து விதிப்படி முடித்து ஊசி ஆரம்பிக்க வேண்டும் என்று பார்வையாளர் புத்தகத்தில் அழுத்தி எழுதினார். முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்து, இது இன்னும் நன்றாக இருக்கிறது, விடக் கூடாது என்று அதையும் சேர்த்து எழுதினார். ஹொன்னம்மாவின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு நாலு மணி ரயிலைப் பிடிக்கப் போனார்.

தலைவர் மேலிடத்து உத்தரவை மீறுகிறவர் இல்லை. அடுத்த செவ்வாய்க்கே விண்ணப்பத்தை எடுத்தார், ஆறு மாசக் கணக்கைத் தள்ளுபடி செய்தார். 'விதிப்படி முடித்து' என்ற இரண்டு சொல்லை மட்டும் சிவப்பு மையால் அடிக்கோடிட்டுக்கொண்டார். விண்ணப்பதாரருடைய ரத்தம் ஒரு குழாய், ஆரோக்கிய மாதிரியின் ரத்தம் ஒரு குழாய். ரத்தம் எடுக்கிறவர் ஊசியைப் பிடித்துக்கொண்டு தயங்கினார்.

"சார், ரெண்டும் ஒரே ஆளு."

"அதான் நல்லது" என்றார் தலைவர். "ஆள் மாற வழியே இல்ல. இத்தன சுத்தமான ஒரு சோதனைய இந்த மாநிலமே பாத்திருக்காது. இடது கைல விண்ணப்பதாரர எடுங்க, வலது கைல மாதிரிய எடுங்க. கலந்துடாமப் பாத்துக்குங்க."

எடுத்தார்கள். ஒரு குழாயில் பச்சைச் சீட்டு, ஒரு குழாயில் மஞ்சள் சீட்டு. அந்த ஒரு வாரமும் சிவநஞ்சய்யா மஞ்சளுக்கும் பச்சைக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டார்.

முடிவு வந்த செவ்வாயன்று அவர் சந்தைக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடவே வந்தார். உள்ளே போகும் முன் அந்த வாரத்து மாதிரி ரத்தம் கேட்டார்கள். நரம்பு எல்லாம் கசங்கிப்போயிருந்தது, இடது கையில் ஒன்றும் வலது கையில் ஒன்றுமாக இரண்டு குத்துக் குத்தித்தான் ஒரு குழாய் நிறைந்தது. இரண்டு முழங்கையிலும் பஞ்சை வைத்து மடக்கிக்கொள்ளச் சொன்னார்கள். மடக்கிக்கொண்டே உள்ளே போனாள்.

தலைவர் எழுந்து நின்று படித்தார். விண்ணப்பதாரரின் ரத்தம் ஆரோக்கிய மாதிரியின் ரத்தத்தோடு சகல விதத்திலும் ஒத்துப்போகிறது, எள்ளளவும் வித்தியாசம் இல்லை, ஆகவே நோய் இல்லை. படித்து முடித்ததும் அவருக்கே கண் கலங்கிவிட்டது, அவ்வளவு திருத்தமான முடிவு அவர் சர்வீசில் வந்ததில்லை. பெங்களூருக்கு ஒரு பிரதி போகும் என்றார். மெம்பர்கள் கை தட்டினார்கள்.

ஹொன்னம்மா வெளியே வந்து பெஞ்சில் சிவநஞ்சய்யா பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன சொன்னார்கள் என்று அவர் கேட்டார்.

"எனக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லையாம்" என்றாள்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவள் கைப்பக்கம் திரும்பினார். பஞ்சை எடுத்துவிடுகிறேன், கையை நீட்டு என்றார். வலது கை நீண்டது, பஞ்சை எடுத்துக் கீழே போட்டார். இடது கையைப் பிடித்து, நீட்டு ஹொன்னி என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு முயன்று பார்த்தாள். முழங்கை நீளவில்லை.